காய்ச்சல் நாளில் யார் லீவு போடுவது?

1962-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷர்லி என்ற இளம்பெண் 6 பவுண்டை முதலாகப் போட்டு, கணினி நிரல் எழுதிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தன் வீட்டிலேயே தொடங்கினார். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டிருந்த பெண் நிரலாளர்களைத் தேடிப் பிடித்து, அவரவர் வீட்டிலிருந்தே எழுதித் தரச் சொன்னார். ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களைக் கம்பெனிகள் மதிக்கவில்லை. ‘ஸ்டீவ்’ என்று போட்டதும் பதில் வந்தது. மறு ஆண்டு மகன் பிறந்தான். வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசும்போது பின்னால் குழந்தை அழுவது கேட்டுவிடக் கூடாதே என்று, தட்டச்சு ஓசையை நாடாவில் பதிவு செய்து வைத்துக்கொண்டு அதை ஓடவிட்டார். மறுமுனையில் இருந்தவருக்குப் பரபரப்பான ஓர் அலுவலகம் கேட்டது. கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியவர்கள், இப்படி வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்கள்தான்.

அந்த நாடாவின் இடத்தை இப்போது மியூட் பொத்தான் பிடித்திருக்கிறது. சோழிங்கநல்லூரிலோ சரவணம்பட்டியிலோ ஓர் அடுக்குமாடி வீட்டைப் பாருங்கள். காலை மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது. 102 டிகிரி காய்ச்சலோடு தோளில் கிடக்கும் குழந்தை சிணுங்குகிறது. தன் முறை வரும்வரை மியூட். முறை வந்ததும் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு இரண்டு நிமிடம் பேச்சு, மறுபடி மியூட். “வீட்டுலேர்ந்துதானே பண்றீங்க, லாகின் பண்ணிடுங்க” என்று மேனேஜர் சொல்லியிருப்பார். “வீட்டுலதானே இருக்கே, பாத்துக்கோ” என்று கணவரோ மாமியாரோ சொல்லியிருப்பார்கள். ‘வீட்டுலதானே’ என்ற அந்த ஒரு சொல்லைக் கொண்டு இரண்டு பக்கமும் ஒரே பெண்ணின் ஒரே மணி நேரத்தை முழுசாகக் கேட்கின்றன.

நோயாளிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு வீட்டிலிருந்து வேலை செய்வது உண்மையில் தீர்வா, அல்லது வரவேண்டிய ஒரு விடுப்பை வரவிடாமல் செய்யும் ஏற்பாடா? 2020-க்குப் பிறகு லட்சக்கணக்கான வீடுகள் தினமும் இந்தக் கேள்விக்குத் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சட்டம் இன்னும் சொல்லவில்லை.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். பள்ளி வயதை எட்டாத ஆரோக்கியமான குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என்று குழந்தை மருத்துவம் சொல்கிறது. பிளே ஸ்கூல், காப்பகம் என்று பல குழந்தைகளோடு புழங்கத் தொடங்கும் முதல் ஆண்டில் அது பத்தைத் தாண்டலாம். ஒவ்வொரு சளியும் அடங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இடையில் காது வலி, வயிற்றுப்போக்கு, கை-கால்-வாய்ப் புண் நோய். குழந்தை பலவீனமாக இருப்பதால் இப்படி வருவதில்லை. உடல் கிருமிகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துகொள்ளும் பருவம் அது. ஆக, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் காய்ச்சல் என்பது எதிர்பாராமல் வரும் விபத்து அல்ல. தீபாவளி, பொங்கலைப் போல ஆண்டுதோறும் நிச்சயமாக வருவது. நாள் மட்டும் முன்கூட்டித் தெரியாது.

எதிரில் இருக்கும் கையிருப்பு என்ன? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு தருகிறது. அந்த நோய் விடுப்பு ஊழியருக்கே நோய் வந்தால்தான். பிள்ளையின் காய்ச்சலுக்கு அதில் இடமில்லை. அதனால்தான் எத்தனையோ தாய்மார்கள் விடுப்புக் கடிதத்தில் தங்களுக்கே காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். பொய் சொல்ல விரும்பி யாரும் இதைச் செய்வதில்லை. உண்மையை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

தொழிலாளர் ஈட்டுறுதியில், அதாவது இஎஸ்ஐயில், இந்த ஓட்டை இன்னும் தெளிவாகத் தெரியும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு உடம்பு முடியாமல் போனால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. குழந்தைக்கு முடியாமல் போனால் மருத்துவம் இலவசம். ஆனால் அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரி வரிசையில் நிற்கும் தாயின் அன்றைய கூலிக்கு ஒரு பைசா கிடையாது. மருந்தைக் கொடுத்த சட்டம், மருந்தை ஊட்டும் கையை மறந்துவிட்டது.

மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் பெரிய முன்னேற்றம்தான். முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற வரியும் அப்போதே சேர்ந்தது. கொரோனாவுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு வந்த வரி அது. ஆனால் காய்ச்சல் அடிக்கும் குழந்தையைக் காப்பகம் சேர்த்துக்கொள்ளாது. மற்றக் குழந்தைகளுக்குத் தொற்றும் என்பதால் சேர்த்துக்கொள்ளவும் கூடாது. காப்பகம் மிக அதிகமாகத் தேவைப்படும் நாளில் அதன் கதவு மூடியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலை என்பதோ உரிமையாக வரவில்லை, இரு தரப்புச் சம்மதமாக வந்தது. அப்பா என்பவர் அந்தச் சட்டத்தில் விடுப்பு பெறுகிறவராக எங்கும் வரவே இல்லை.

கொரோனா காலத்தில் மத்திய அரசு வேறொரு கதவைத் திறந்தது. கால்சென்டர் போன்ற நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைக்க, முன்பு வங்கி உத்தரவாதம் உட்படக் கடுமையான நிபந்தனைகள் இருந்தன. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை அவற்றை விலக்கிக்கொண்டது. தொழிலுக்கான தடை அகன்றது. தொழிலாளியின் குழந்தையைப் பற்றி அந்த உத்தரவில் பேச்சில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி கூடும் என்று சொல்பவர்கள் அடிக்கடி காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தின் கால்சென்டரில் ஒன்பது மாதம் நடத்தியது அது. விரும்பி முன்வந்தவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வீட்டுக்கு, ஒற்றைப்படையினர் அலுவலகத்துக்கு என்று சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. இந்த எண்ணை மேற்கோள் காட்டும் பலரும் அந்தச் சோதனையில் சேர வேண்டிய தகுதியைச் சொல்லாமல் விடுகிறார்கள். வீட்டில் வேலைக்கென்று தனி அறை இருக்க வேண்டும், வேலை நேரத்தில் அங்கே வேறு யாரும் புழங்கக் கூடாது என்பது அந்தத் தகுதி. அதாவது, அந்த 13 சதவீதம் கதவைச் சாத்திக்கொண்டவர்களின் 13 சதவீதம். மடியில் காய்ச்சல் குழந்தையோடு இருப்பவரைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் வேலை செய்வதைப் பற்றிச் சொல்லும் ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 2020 ஏப்ரல், மே மாதங்களில், பள்ளிகளும் காப்பகங்களும் மூடிக் கிடந்த நேரத்தில், நிதியியல் ஆய்வு நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் (யுசிஎல்) சேர்ந்து சுமார் 3,500 குடும்பங்களிடம் நேரக் கணக்குக் கேட்டன. தாய்மார்கள் சம்பள வேலை செய்த மணி நேரங்களில் 47 சதவீதம் வேறொரு வேலையோடு, பெரும்பாலும் குழந்தை பராமரிப்போடு, பின்னிக் கிடந்தது. அப்பாக்களுக்கு அது 30 சதவீதம். இன்னொரு எண் இதைவிட வலிக்கும். இடையூறு இல்லாமல் வேலை செய்யக் கிடைக்கும் நேரத்தில், முன்பு அப்பாக்களுக்குக் கிடைத்ததில் 60 சதவீதம் அம்மாக்களுக்குக் கிடைத்துவந்தது. அது 35 சதவீதமாகச் சரிந்தது. ஒரே வீடு, ஒரே வைஃபை. ஆனால் குழந்தை தட்டுவது அம்மாவின் கதவைத்தான்.

நம் ஊரிலும் நிலைமை அதேதான். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். செய்கிறவர்களிலும் பெண் நாளுக்கு 140 நிமிடம், ஆண் 74 நிமிடம். சமையலும் துணி துவைப்பதும் இந்தக் கணக்கில் இல்லை. இது சாதாரண நாள்களின் சராசரி. காய்ச்சல் நாளுக்கென்று தனிக் கணக்கு யாரும் எடுக்கவில்லை என்றாலும், அது எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்க அறிவியல் தேவையில்லை.

உற்பத்தி, சம்பளம், கணக்கு எல்லாம் இருக்கட்டும். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன? காய்ச்சல் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்றால் பக்கத்து அறையில் இருப்பது அல்ல. அது கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று தெரிய, சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பால் குடிக்க மறுப்பது, குடித்ததையெல்லாம் கக்குவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது இவையெல்லாம் அபாய அறிகுறிகள். குழந்தை தூங்குகிறது என்று நிம்மதியாக மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு, அது தூக்கமா துவளலா என்று எப்படித் தெரியும்?

டெங்கு பரவும் மாதங்களில் இது உயிர் சம்பந்தப்பட்டது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. நோய் தொடங்கி மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. உடம்பு ஜில்லிட்டதும் வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். தாய் மறுபடி லாகின் செய்கிறார். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு ஆகியவை தலைகாட்டும் ஒன்றிரண்டு நாள் அதுதான். வேலைக்குத் திரும்பலாம் என்று வீடு நினைக்கிற அந்த நாளில்தான் விடுப்பு மிகவும் தேவை.

மருந்து கொடுப்பதிலும் கவனம் சிதறினால் விபரீதம். பாராசிட்டமால் டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று வரும் சிரப்பில் ஒரு மில்லிக்கு 25 தான். பாட்டில் மாறினால் நான்கு மடங்கு. அம்மா பத்து மணிக்குக் கொடுத்தது தெரியாமல் பாட்டி பதினொன்றுக்குக் கொடுப்பதும் நடக்கிறது. ஒரு தாளில் மணி, அளவு, கொடுத்தவர் யார் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைக்கும் வீடுகளில் இந்தத் தவறு குறையும். இன்னொரு சபலமும் உண்டு. முக்கியமான மீட்டிங் நேரத்தில் குழந்தை கொஞ்சம் தூங்கினால் தேவலையே என்று சளி மருந்தைக் கொஞ்சம் முன்னதாகவே ஊற்றிவிடுவது. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளிக் கலவை மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2023 டிசம்பரில் எச்சரித்தது. அந்தச் சபலத்துக்கு ஆளாகும் தாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டு வேலையை ஒரே மணிக்குள் திணித்த ஏற்பாடுதான் அவரை அந்த இடத்தில் நிறுத்துகிறது.

விடுப்புக்கும் இந்த இரட்டை வேலைக்கும் ஸ்வீடன்காரர்கள் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கே ‘வாப்’ என்றால் குழந்தையைப் பராமரிப்பதற்கான தற்காலிக உதவித்தொகை. எட்டு மாதம் முதல் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், பெற்றோர் இருவருக்கும் சேர்த்து ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை எடுக்கலாம். சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அரசின் சமூகக் காப்பீடு தருகிறது. முதல் ஏழு நாளுக்கு மருத்துவர் சான்று கூட வேண்டாம். சளி, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் பிப்ரவரி மாதத்தையே மக்கள் ‘வாப்ருவாரி’ என்கிறார்கள். பெற்றோருக்கான இந்தக் காப்பீட்டை ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்கி 1974-லேயே தொடங்கிவிட்டதால், இன்று வாப் நாள்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அருகில் அப்பாக்கள் எடுக்கிறார்கள்.

விடுப்பு எடுக்காமல், நோயாளிக் குழந்தையை வைத்துக்கொண்டே வீட்டிலிருந்து வேலை செய்வதை அவர்கள் ‘வோபா’ என்று தனியாகச் சொல்கிறார்கள். வேலை செய்த நேரத்துக்கு உதவித்தொகை கிடையாது. ஒரு மணி நேரம் குழந்தைக்கானதா வேலைக்கானதா என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிரிவினைதான் முக்கியம். சொல் இருந்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். தமிழில் நாம் இரண்டையும் சேர்த்து ‘வீட்டிலிருந்து வேலை’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஜெர்மனி இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் வந்தால், சட்டக் காப்பீட்டில் உள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 10 நாள், தனியாக வளர்ப்பவருக்கு 20 நாள், நிகர ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் என்பது அங்கே பழைய விதி. 2024-இல் அது 15, 30 நாள்களாக உயர்ந்தது. கொரோனாவின்போது, 2021-இல், பள்ளிகள் மூடியதால் வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் இந்தத் தொகையை விரித்தார்கள். அப்போது சேர்த்த ஒரு விளக்கம் நாம் கவனிக்க வேண்டியது: பெற்றோரின் வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியதாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு. ‘வீட்டுலதானே’ என்ற வாதத்துக்கு ஒரு அரசாங்கம் எழுத்தில் கொடுத்த பதில் அது.

ஜப்பானில் குழந்தையின் உடல் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காப்பகத்திலிருந்து பெற்றோருக்கு அழைப்பு வரும். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு அந்த எண்ணே ஒரு சுவர். ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 5 நாள், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 10 நாள் பராமரிப்பு விடுப்பைச் சட்டம் தருகிறது. 2025 ஏப்ரல் முதல் மூன்றாம் வகுப்புக் குழந்தை வரை அது நீண்டிருக்கிறது. அந்த நாள்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டம் வற்புறுத்தவில்லை என்பது குறை. நோயாளிக் குழந்தைகளுக்கென்றே மருத்துவமனைகளை ஒட்டித் தனிக் காப்பகங்கள் அங்கே உண்டு. 2004-இல் தொடங்கிய ஃபுளோரன்ஸ் என்ற தொண்டு நிறுவனம், காய்ச்சல் குழந்தையை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவர்களை அனுப்புகிறது.

தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், ஏழு வயதுக்கு உட்பட்ட குடியுரிமைக் குழந்தையின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 6 நாள் சம்பளத்தோடு கூடிய பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. மூன்று நாள் முதலாளியின் செலவு, மூன்று நாள் அரசின் செலவு. நோய் என்று நிரூபிக்கவும் வேண்டாம். அமெரிக்காவைப் பார்த்து நாம் கற்க அதிகம் இல்லை. 1993-இன் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது. ஆனால் சம்பளம் இல்லாமல். சாதாரண சளி, காய்ச்சல், காது வலியெல்லாம் அதற்குள் வருவதும் இல்லை. ஒன்றை மட்டும் அங்கே நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்கள்: கூட்டாட்சி அரசு ஊழியருக்கான வழிகாட்டுதலில், வீட்டிலிருந்து வேலை செய்வது குழந்தை பராமரிப்புக்கு மாற்று ஆகாது என்று.

நம் நாட்டில் இப்படி ஒன்று அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 18 வயதாகும் வரை, மூத்த இரண்டு குழந்தைகளுக்காக, பணிக்காலம் முழுவதிலும் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். மனைவி இல்லாமல் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் பின்னர் இது விரிந்தது. மனைவியோடு இருக்கும் அப்பாவுக்கு இன்னும் இல்லை. மரபணுக் குறைபாட்டால் எலும்புகள் எளிதில் முறியும் நோய் கொண்ட மகனைப் பராமரிக்க விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட, இமாசலப் பிரதேச அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவரின் வழக்கு 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பெண்கள் வேலையில் பங்கெடுப்பது யாரோ தரும் சலுகை இல்லை, அரசியல் சட்டத்தின் தேவை என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னது. விடுப்புக் கொள்கையை மறுபரிசீலனை செய்யும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அரசு ஊழியர் என்பதால் அந்தத் தாயால் வாசற்படி ஏற முடிந்தது. தனியார் நிறுவனத்தில் இருப்பவர், குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், இரண்டு மூன்று ஆண்டு நீளும் சிகிச்சைக்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவார்? பெரும்பாலும் ராஜினாமாக் கடிதத்தைத்தான்.

இதுவரை பேசியது மடிக்கணினி இருக்கும் வீடுகளைப் பற்றி. வீட்டிலிருந்து வேலை என்பது தமிழ்நாட்டுக்குக் கொரோனா கொண்டுவந்தது அல்ல. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூரில் ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பவர்கள், திருப்பூரில் பனியன் பிசிர் வெட்டுபவர்கள், மதுரையில் மல்லிகை கட்டுபவர்கள் எல்லாரும் தலைமுறைகளாக வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள்தான். நாட்டில் பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்கள் மட்டுமே ஏறத்தாழ 50 லட்சம் பேர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். மருந்து வாங்க வேண்டிய வாரத்திலேயே கையில் காசு குறையும். குழந்தையைத் தூளியில் போட்டு, கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டே கையால் சுற்றுவார்கள். அந்தக் குழந்தை இருமிக்கொண்டிருந்தாலும், சுற்றியிருக்கும் காற்றில் புகையிலைத் தூள்தான். 1966-இன் பீடித் தொழிலாளர் சட்டம் பெண்கள் அதிகம் வேலை செய்யும் தொழிற்கூடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. தொழில் கூடத்தைவிட்டு வீட்டுக்குப் போனதும் அந்தக் கடமையும் கூடத்தோடு தங்கிவிட்டது.

வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-இல் வந்தது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளருக்கான 156-ஆம் உடன்படிக்கை 1981-இலேயே வந்துவிட்டது. அதோடு வந்த பரிந்துரை, குழந்தைக்கு நோய் வந்தால் பெற்றோரில் யாரும் விடுப்பு எடுக்க வழி வேண்டும் என்கிறது. இந்தியா இரண்டையும் ஏற்று உறுதி செய்யவில்லை.

பழைய வழக்கம் ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டால், வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளி ஆள் உள்ளே வருவதில்லை, வீட்டார் விசேஷங்களுக்குப் போவதில்லை, அடுப்பில் தாளிப்பு இல்லை. பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருப்பார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டின் வெளிவேலை நின்றுவிடும். ஏன் வேலைக்கு வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். வாசலில் வேப்பிலையைப் பார்த்தாலே போதும். மருத்துவ நோக்கில் அந்த நம்பிக்கைகளில் பிழைகள் இருக்கலாம். ஆனால் ஒரு குழந்தையின் நோய் ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட விடுப்பாக இருந்தது என்பது உண்மை.

அப்படியானால் வீட்டிலிருந்து வேலை செய்வதால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் எந்த நாளில் என்பதைப் பொறுத்தது. சின்னம்மைக் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பள்ளி சேர்க்காது. கடைசி இரண்டு மூன்று நாள் குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும். கை-கால்-வாய்ப் புண் ஆறிவரும் நாள்களும் அப்படித்தான். அந்தத் தேறிவரும் நாள்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்வது கைகொடுக்கும். இருவரும் வீட்டில் இருக்கும் தம்பதியர் காலை நான்கு மணி நேரம் அவர், மதியம் நான்கு மணி நேரம் இவர் என்று முறை வைத்துக்கொண்டு, தன் முறையில் மடிக்கணினியைத் திறப்பதே இல்லை என்று கறாராக இருந்தால் இன்னும் நல்லது. சீனாவின் அதே பயண நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்து, 2024-இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்ததும் வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலையை விடாமல் பிடித்துக்கொள்ள இந்த ஏற்பாடு உதவும் என்பதில் ஐயமில்லை. முற்றிய காய்ச்சல் நாளில் விடுப்பு, தேறிவரும் நாளில் வீட்டிலிருந்து வேலை என்று இரண்டும் வேண்டும். இன்று இரண்டாவதைக் காட்டி முதலாவது மறுக்கப்படுகிறது.

ஷர்லியின் கதையின் மறுபாதி அதிகம் பேசப்படுவதில்லை. அந்த மகனுக்குக் கடுமையான ஆட்டிசம் இருப்பது பின்னர் தெரியவந்தது. நிறுவனம் வளர வளர மகனின் சிரமங்களும் வளர்ந்தன. இரண்டையும் சேர்த்துச் சுமந்த ஷர்லி ஒரு கட்டத்தில் தாமே மனமுடைந்து சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. மகன் 35 வயதில், 1998-இல் இறந்தான். ஷர்லி தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பள்ளிக்கும் ஆய்வுக்கும் கொடுத்தார். வீட்டிலிருந்து வேலை செய்வதை உலகுக்குக் காட்டிய முன்னோடிக்கே, வீட்டில் இருப்பது மட்டும் போதவில்லை.

வேண்டியது பெரிய தொகை இல்லை. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, அப்பா அம்மா இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து நாள். இஎஸ்ஐ வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அதே நிதியிலிருந்து, அதே 70 சதவீதம். பீடியும் பூவும் கட்டுபவர்களுக்கு நலவாரியங்கள் வழியாக ஒரு நாள் கூலி. ஒருவர் எடுக்காத நாளை மற்றவருக்கு மாற்ற முடியாது என்று விதி இருந்தால்தான் அப்பாக்கள் எடுப்பார்கள். இவற்றுக்கெல்லாம் முதலில் அந்த நாள்கள் கணக்கில் வர வேண்டும். எனவே வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விடுப்புக் கடிதத்தில் ‘எனக்குக் காய்ச்சல்’ என்று எழுதாதீர்கள். ‘என் குழந்தைக்குக் காய்ச்சல்’ என்று எழுதுங்கள். அப்பாக்கள் முதலில் எழுதுங்கள்.